சந்தனம், வெட்டிவேர், மரிக்கொழுந்து: ஒரே அத்தர் ஆளுக்கு ஆள் ஏன் மாறுகிறது?

அத்தர் வாங்குபவர்கள் எல்லோரும் எப்போதாவது சொல்லும் குறை ஒன்று உண்டு. "அவர் போட்டிருந்தப்ப அவ்வளவு நல்லா இருந்துச்சு, நான் போட்டா வேற மாதிரி வருது." திருவல்லிக்கேணியானாலும் நாகூரானாலும் கடைக்காரர் சொல்லும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "உங்களுக்கு உடம்பு சூடு." அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் காரணத்தில் பெரும்பங்கு வேறு இடங்களில் இருக்கிறது: காலையில் போட்ட சோப்பு, தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய், கழுத்தில் தட்டிய பவுடர், தொட்டு வைத்த அளவு, எல்லாவற்றுக்கும் மேலாக முகர்கிற மூக்கு.

ரோஜா அத்தரை யார் போட்டாலும் ரோஜா என்று சொல்லிவிடலாம். மரமும் மூலிகையும் கலந்த எண்ணெய் அப்படிப் பிடி கொடுக்காது. ஒருவர் கையில் உலர்ந்த பழமாக இனிக்கும், இன்னொருவர் கையில் ஈரமண்ணாக நிற்கும், மூன்றாமவரிடம் நாட்டு மருந்துக்கடைக்குள் நுழைந்தது போலிருக்கும். பொதுவாகப் பேசினால் இது புரியாது. ஒரு குறிப்பிட்ட கலவையை எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

கலவை

மொத்தம் 10 கிராம். சந்தன எண்ணெய் 1.1 கிராம், வெட்டிவேர் எண்ணெய் 0.4, பச்சோலி 0.2, லாவெண்டர் 0.2, மரிக்கொழுந்து எண்ணெய் 0.1. மீதி 8 கிராம் வாசனையில்லாத தாங்கு எண்ணெய். தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த எம்.சி.டி. எண்ணெயோ ஹோஹோபா விதை எண்ணெயோ இதற்கு ஏற்றது. ஆக வாசனைப் பொருள் 20 விழுக்காடு. மணிக்கட்டிலும் காதோரத்திலும் ஒரு பொட்டு வைத்துக்கொள்ள இது தாராளம். உடம்பெல்லாம் தேய்த்துக்கொள்ளும் எண்ணெய்க்கு இந்த வீதம் ஆகாது.

சொட்டு எண்ணிக் கலப்பவர்களுக்கு முதல் தவறு இங்கேயே நடந்துவிடும். வெட்டிவேர் எண்ணெய் தேன் பதத்தில் கெட்டியாக இருக்கும், லாவெண்டர் தண்ணீராக ஓடும். இரண்டின் சொட்டும் ஒரே எடை இருக்காது. 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும். மரிக்கொழுந்து 0.1 கிராம்தான் என்பதால் அந்தத் தராசில்கூட ஒரு புள்ளி நகர்ந்தால் 10 விழுக்காடு பிசகும். அதனால் மரிக்கொழுந்து எண்ணெயை முதலில் எம்.சி.டி.யில் 10 விழுக்காடாகக் கரைத்து வைத்துக்கொண்டு, அந்தக் கரைசலிலிருந்து 1.0 கிராம் எடுப்பது நல்லது. அப்போது தாங்கு எண்ணெயை 8-லிருந்து 7.1 கிராமாகக் குறைக்க வேண்டும், ஏனென்றால் கரைசலோடு 0.9 கிராம் எம்.சி.டி. ஏற்கெனவே வந்துவிட்டது.

வெட்டிவேர் பாட்டிலை 40 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் நிற்க வைத்து இளக்கி, முதலில் சந்தனத்தோடு கலக்க வேண்டும். பிறகு பச்சோலி, லாவெண்டர், மரிக்கொழுந்துக் கரைசல், கடைசியில் தாங்கு எண்ணெய். அடர்நிறக் கண்ணாடிக் குப்பியில், கழுத்துவரை நிரப்பி, வெயில் படாத இடத்தில் மூன்று நான்கு வாரம் வைக்க வேண்டும். கலந்த அன்றே முகர்ந்தால் பச்சோலியும் மரிக்கொழுந்தும் தனித்தனியாகக் குத்தும். அந்த நிலையில் நாலு பேருக்குக் கொடுத்துக் கருத்துக் கேட்பது வீண்.

உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் பாரம்பரிய முறையில் இறக்கும் அத்தரில் தாங்கு எண்ணெயே சந்தனம்தான். செப்பு தேக்சாவில் மூலிகையையும் தண்ணீரையும் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, மூங்கில் குழாய் வழியே ஆவியை பப்கா என்ற சேகரிப்புப் பாத்திரத்துக்குள் விடுவார்கள். பப்காவில் முன்பே ஊற்றியிருக்கும் சந்தன எண்ணெய் அந்த மணத்தைப் பிடித்துக்கொள்ளும். சந்தனம் எட்டாத விலைக்குப் போன பிறகு பல அத்தர்களில் அந்த இடத்துக்கு டி.ஓ.பி. என்ற செயற்கைக் கரைப்பானும் லிக்விட் பாரஃபினும் வந்துவிட்டன. ஆளுக்கு ஆள் வேறுபாட்டைப் பேசும்போது இதை மறக்கக் கூடாது. ஒருவர் வைத்திருப்பது சந்தனத்தில் இறக்கியது, மற்றவர் வைத்திருப்பது பாரஃபினில் கரைத்தது என்றால், லேபிளில் ஒரே பெயர் இருந்தாலும் அவை இரண்டு பொருள்கள். முதல் சந்தேகம் தோலின் மேல் வரக் கூடாது, குப்பியின் மேல் வர வேண்டும்.

சரக்கு எங்கிருந்து வந்தது என்பதும் இதைப் போலத்தான். இந்தியச் சந்தன எண்ணெய்க்கு ஐ.எஸ்.ஓ. 3518 தரக்குறிப்பு, அதன் முக்கிய மணப்பொருளான சாண்டலாலில் ஆல்ஃபா சாண்டலால் 41 முதல் 55 விழுக்காடு, பீட்டா சாண்டலால் 16 முதல் 24 விழுக்காடு என்று வரையறுக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஸ்பிகேட்டம் வகையில் சாண்டலால் குறைவு. பால் போன்ற மென்மை இல்லாமல் உலர்ந்த மரத்தூளாக வரும். வெட்டிவேரில் ஜாவா சரக்கு புகைவாடை அடிக்கும், ஹைட்டி சரக்கு தெளிவாக, சற்றே புளித்த பழத்தோல் போல இருக்கும், வட இந்தியக் காட்டு வேரைச் செப்பு தேக்சாவில் இறக்கிய ரூஹ் கஸ் பச்சை நிறத்தோடு ஈரமண்ணாக மணக்கும். கடலூர்ப் பக்கம் மணற்பாங்கான நிலத்தில் பயிராகும் வேருக்கு அதற்கென்று ஒரு மணம்.

எது முதலில் போகும், எது கடைசியில் நிற்கும்

ஒரு மூலக்கூறு எவ்வளவு கனமோ அவ்வளவு மெதுவாக ஆவியாகும் என்பது தோராயமான விதி. லாவெண்டரில் இருக்கும் லினலூலின் மூலக்கூறு எடை 154. சாண்டலால் 220, பச்சோலியின் பச்சுலால் 222, மரிக்கொழுந்தின் தவனோன் 236. ஆகவே இந்தக் கலவையில் லாவெண்டர் மட்டும் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் போய்விடும். மற்ற நான்கும் கிட்டத்தட்ட ஒரே கனம், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பல மணி நேரம் கிடக்கும். ரோஜா அத்தர் போல ஒரு மணம் மேலோங்கி நிற்காமல், நேரத்துக்கு நேரம் முகம் மாறுவதற்கு இதுதான் காரணம்.

இந்த மாற்றம் எல்லோர் மேலும் ஒரே வரிசையில்தான் நடக்கிறது. வேகம்தான் வேறு. ஒருவருக்கு நாற்பது நிமிடத்தில் வரும் கட்டம் இன்னொருவருக்கு இரண்டு மணி நேரத்தில் வரும். பத்து மணிக்கு இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி முகர்ந்தால் இரண்டு வேறு எண்ணெய் போலிருக்கும். அவரவர் கையில் பொட்டு வைத்த நேரத்திலிருந்து அந்தந்தக் கட்டத்தைப் பிடித்து ஒப்பிட்டால் வித்தியாசம் பாதியாகக் குறைந்துவிடும். 'என் மேல் வேறு மாதிரி' என்று சொல்லப்படுவதில் கணிசமான பங்கு இதற்கு உண்டு என்பது என் கணிப்பு.

மரிக்கொழுந்து மட்டும் கொஞ்சம் தந்திரக்காரப் பொருள். மதுரை, தோவாளைப் பூச்சந்தைகளில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் அதே செடி, கதம்பத்தில் மல்லிகைக்கும் கனகாம்பரத்துக்கும் நடுவே வைத்துக் கட்டுவது. எண்ணெய் பெரும்பாலும் கர்நாடகம், ஆந்திரத்திலிருந்து வருகிறது. வாசனைத் தொழிலில் இதைப்பற்றி ஒரு பேச்சு உண்டு: தவனம் (மரிக்கொழுந்தின் இன்னொரு பெயர்) ஒவ்வொருவர் தோலிலும் ஒவ்வொரு விதமாக மணக்கும் என்று. அது பேச்சாகவே பரவியதற்குக் காரணம், இந்த எண்ணெய் அளவைப் பொறுத்துக் குணம் மாறும். நன்றாக நீர்த்திருக்கும்போது உலர் ஆப்ரிகாட்டும் தேயிலையும் சேர்ந்த இனிப்பு. அடர்த்தி ஏறினால் கசப்பான பச்சிலை, மருந்து. ஒருவர் கண்ணாடிக் குச்சியால் தொட்டும் தொடாமலும் வைத்திருப்பார், மற்றவர் ரோல்-ஆனை நாலு தடவை உருட்டியிருப்பார். முன்னவருக்குப் பழம், பின்னவருக்குக் கஷாயம். இருவரும் தங்கள் தோலைக் காரணம் சொல்வார்கள்.

உடம்பு சூடு எவ்வளவு தூரம்?

தோலின் மேற்பரப்பு வெப்பம் சாதாரணமாக 32 முதல் 34 டிகிரி. சாண்டலால் போன்ற கனமான பொருளுக்கு 2 டிகிரி கூடினால் ஆவியாகும் வேகம் சுமார் 20 விழுக்காடு ஏறும். ஆளுக்கு ஆள் இருக்கிற வேறுபாடு இந்த அளவில்தான், அதாவது ஓரளவு தெரியும், ஆனால் எண்ணெயையே வேறாக்கிவிடாது. 10 டிகிரி வித்தியாசம் வந்தால் வேகம் இரண்டு மடங்கைத் தாண்டும். அந்த வித்தியாசம் ஆட்களுக்கு நடுவே கிடையாது, இடங்களுக்கு நடுவே உண்டு. குளிரூட்டிய அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரின் முன்கையும், மே மாத வெயிலில் பைக் ஓட்டி வந்தவரின் முன்கையும் ஒரே ஆளுடையதாக இருந்தாலும் இரண்டு வாசனை தரும். 'உடம்பு சூடு' என்பதைவிட 'வெயில்' என்று கடைக்காரர் சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

இன்னொரு காரணமாக அடிபடுவது தோலின் பி.எச். தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, சுமார் 4.5 முதல் 6 வரை. சோப்புப் போட்டுக் குளித்தால் சில மணி நேரம் அது உயரும். சரிதான். ஆனால் சாண்டலால், பச்சுலால் எல்லாம் ஆல்கஹால் வகை, தவனோன் கீட்டோன் வகை. இந்த அளவு பி.எச். ஏற்ற இறக்கத்துக்கு அவை மசியாது. சோப்பு வாசனையை மாற்றுவது அதன் காரத்தால் குறைவு, தோலின் எண்ணெய்ப்பசையை வழித்தெடுப்பதாலும் தன் சொந்த வாசனையை விட்டுச் செல்வதாலும்தான் அதிகம். பி.எச். என்ற சொல்லைக் கேட்டால் விளம்பரம் என்று எடுத்துக்கொள்வது நல்லது. தோலின் நிறம் காரணம் என்பவர்களையும் அதே கணக்கில் சேர்க்கலாம்.

வறண்ட தோல், பசைத்தோல்

எண்ணெய்ப்பசை வாசனை மூலக்கூறுகளைக் கரைத்துப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் ஆவியாவது தாமதப்படும். அதனால் பசைத்தோல்காரர்களிடம் முதல் அரைமணி நேரம் இந்த அத்தர் அடங்கியே இருக்கும், லாவெண்டர் வெடித்துக் கிளம்பாது, பிறகு மெதுவாக விரிந்து மாலைவரை நிற்கும். பச்சோலியும் வெட்டிவேரும் கனமாகத் தெரியும். சிலருக்கு அது இருட்டாக, பழைய மரப்பெட்டிக்குள் போல இருக்கும்.

வறண்ட தோலில் நடப்பது இதற்கு நேர் எதிர். மேல்தோல் பொருக்குத் தட்டியிருப்பதால் ஒரு பொட்டு எண்ணெய் தோசைக்கல்லில் தேய்த்தது போல மெலிதாகப் பரவும். தாங்கு எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். படலம் மெலிந்தால் எல்லாம் சேர்ந்து சீக்கிரம் கிளம்பும். முதல் பத்து நிமிடம் பிரமாதமாக, கூர்மையாக இருக்கும், மூலிகைப் பக்கம் தூக்கலாக நிற்கும். ஒன்றரை மணி நேரத்தில் மெல்லிய மரத்தூள் வாசனை மட்டும் மிஞ்சும். குளிர்காலத்தில் கை வெள்ளை பூத்து நிற்பவர்கள் எல்லோரும் இதை அறிவார்கள்.

கவனிக்க வேண்டிய விஷயம், ஒரே உடம்பிலேயே இந்த இரண்டும் இருக்கின்றன. முன்கையில் எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு. காதுக்குப் பின்னால், கழுத்து, நெஞ்சு ஆகிய இடங்களில் அதிகம். முகத்தில் எண்ணெய் வழிகிறவரின் மணிக்கட்டு வறண்டே இருக்கலாம். கடையில் மணிக்கட்டில் முகர்ந்து வாங்கிவிட்டு வீட்டில் காதோரம் வைத்துக்கொள்பவர் இரண்டு வேறு தோல்களை ஒப்பிடுகிறார். வயதும் இதில் உண்டு. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு எண்ணெய்ப்பசை குறையும், இளவயது ஆண்களுக்கு அதிகம். நாற்பது தாண்டியவர்களின் தோலில் 2-நானெனல் என்ற பொருள் காணப்படுவதாக ஜப்பானிய ஆய்வு ஒன்று 2001-ல் சொன்னது. எண்ணெய்யும் புல்லும் சேர்ந்தது போன்ற அந்த மணம் பூ வாசனைகளோடு ஒட்டாது. சந்தனமும் வெட்டிவேரும் அதைத் தங்களுக்குள் இழுத்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு மர அத்தர் பொருந்துகிறது என்ற பழைய எண்ணத்தில் அர்த்தம் இருக்கிறது.

வறண்ட தோலுக்குச் செய்யக்கூடியது: அத்தர் வைக்கும் இடத்தில் முதலில் வாசனையில்லாத வாசலினை அரிசி அளவு தடவி, அதன்மேல் பொட்டு வைப்பது. கலவையையே மாற்றுவதானால் தாங்கு எண்ணெயில் பாதியை ஹோஹோபா ஆக்கலாம். அது மெழுகு வகை, எம்.சி.டி. போல மளமளவென்று பரவாது. பசைத்தோலுக்கு எம்.சி.டி. மட்டும் போதும், பச்சோலியை 0.2-லிருந்து 0.1 ஆகக் குறைத்து, குறைத்த 0.1 கிராமைச் சந்தனத்தில் கூட்டினால் கனம் இறங்கும்.

தோலின் மேல் ஏற்கெனவே இருப்பவை

நம் வீடுகளில் வெறும் தோல் என்பது அபூர்வம். தேங்காய் எண்ணெயில் லாக்டோன் வகைப் பொருள்கள் உண்டு, பால் மணம் அவற்றால்தான் வருகிறது. அது சந்தனத்தின் பால்தன்மையோடு சேர்ந்து வெட்டிவேரை மூடிவிடும். காதோரம் தலை எண்ணெய் இறங்கியிருப்பவருக்கு இந்த அத்தர் இனிப்பாகத் தெரிவது அதனால்தான். நல்லெண்ணெய்க் குளியல் அன்று வறுத்த வாடை கலந்து வெட்டிவேரின் புகைப்பக்கம் தூக்கும். மஞ்சள் பூசிக் குளித்தவர் மேல் மரிக்கொழுந்து சட்டென்று மருந்துக்கடைப் பக்கம் சாய்ந்துவிடும், மஞ்சளுக்கே மண்வாடையும் மரவாடையும் உண்டு. தைலம் தேய்த்த கழுத்தில் எதையும் வைக்க வேண்டாம். அதிலுள்ள கற்பூரம், மெந்தால், மெத்தில் சாலிசிலேட் மூன்றுக்கும் முன்னால் 0.1 கிராம் மரிக்கொழுந்துக்கு வாயே இல்லை.

பவுடர் எண்ணெயை உறிஞ்சித் திட்டுத்திட்டாக நிற்கும், கூடவே தன் செண்டையும் கலக்கும். திருநீறும் உறிஞ்சும், ஆனால் அதற்குப் பெரிய வாசனை இல்லாததால் அத்தர் அடங்குமே தவிர திரியாது.

சந்தன சோப்பு சுவாரசியமானது. தினமும் சந்தன சோப்பில் குளிப்பவரின் மூக்கு சந்தனத்துக்குப் பழகிப்போயிருக்கும். அவர் இந்த அத்தரைப் போட்டுக்கொண்டால் சந்தனம் பின்வாங்கி, வெட்டிவேரும் மரிக்கொழுந்தும் மட்டுமே முன்னால் நிற்பதாகத் தோன்றும். பக்கத்தில் இருப்பவருக்கோ சந்தனம் இரட்டிப்பாக அடிக்கும்.

வியர்வையைப்பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. முன்கை, நெற்றி வியர்வைக்குச் சொந்தமாகப் பெரிய வாடை கிடையாது, அது உப்புத் தண்ணீர். அக்குளில் வேறு வகைச் சுரப்பி, அதன் சுரப்பைப் பாக்டீரியா உடைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. அப்படிப் பிறக்கும் அமிலங்களில் ஒன்று சீரக வாடை அடிப்பது. சீரகமும் வெட்டிவேரும் பச்சோலியும் சேர்ந்தால் அழுக்குத் துணி நினைவுதான் வரும். இந்த வகை அத்தரை அக்குளுக்குப் பக்கத்தில், சட்டையின் உட்புறத்தில் வைக்காதிருப்பது உத்தமம். அதிகம் வியர்ப்பவர்களுக்குக் கழுத்தில் வைத்தது காலருக்குப் போய்விடும். அவர்களுக்குப் பழைய வழக்கமே சரியான வழி: அத்தர் தொட்ட சிறு பஞ்சைக் காது மடலின் உள்குழிவில் செருகுவது. பஞ்சு எண்ணெயைப் பிடித்து வைத்து மெதுவாக விடும், தோலோடு பெரிதாகக் கலக்காது. ஆகவே பஞ்சில் வைத்தால் யார் காதிலும் ஏறக்குறைய ஒரே வாசனைதான்.

சாப்பாட்டில் உறுதியாகச் சொல்லக்கூடியது வெந்தயம். அதிலுள்ள சோட்டலோன் உடம்பு வழியே வெளியேறி வியர்வையில் காய்ச்சிய சர்க்கரைப் பாகு மணத்தைக் கொண்டுவரும். தினமும் வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பவர்மேல் மரிக்கொழுந்தின் பழ இனிப்பு ஒரு படி கூடித் தெரியும்.

மூக்கு

மனிதருக்கு ஏறத்தாழ 400 வகை வாசனை ஏற்பிகள் வேலை செய்கின்றன. எந்த இரண்டு பேரை எடுத்துக்கொண்டாலும் அவர்களது ஏற்பி மரபணு வடிவங்களில் 30 விழுக்காட்டுக்கு மேல் செயல்பாட்டிலேயே வேறுபடும் என்று 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது. மர வாசனைகளில் இது கண்கூடு. செயற்கைச் சந்தனப் பொருள்கள் சிலவற்றையும், ஐசோ ஈ சூப்பர் என்ற பிரபலமான மர வாசனைப் பொருளையும் சிலரால் முகரவே முடிவதில்லை. கடையில் வாங்கிய 'சந்தன' அத்தரில் இவை இருந்து, ஒருவருக்கு அது வெறும் எண்ணெயாகவும் மற்றவருக்குச் சந்தனக் கட்டையாகவும் தெரிந்தால், தோலுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. சோதிப்பது சுலபம்: காகிதத்தில் தொட்டு இருவரும் முகர வேண்டும். காகிதத்திலேயே கருத்து வேறுபட்டால் மூக்குதான் காரணம்.

போட்டுக்கொண்டவருக்குப் பதினைந்து இருபது நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். "அரைமணி நேரத்தில் போயிடுச்சு" என்று புகார் சொல்பவரைப் பக்கத்து நாற்காலிக்காரர் அப்போதும் நன்றாக முகர்ந்துகொண்டிருப்பார். மேலும் மேலும் பூசிக்கொள்வது இப்படித்தான் தொடங்குகிறது. கடைகளில் காப்பிக்கொட்டையை முகரச் சொல்வார்கள், அது வெறும் காற்றைவிட மேலாக உதவவில்லை என்று சோதனையில் தெரிந்திருக்கிறது. வாசலில் போய் இரண்டு நிமிடம் நின்றால் போதும், இல்லையென்றால் தன் சட்டைக் கையின் துணியை முகரலாம்.

தோல் வேதியியல் வெறும் கட்டுக்கதை என்றும் தள்ளிவிட முடியாது. பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட சோதனையில், ஒருவர் தானே தேர்ந்து பயன்படுத்தும் வாசனைத் திரவியமும் அவரது உடல்வாடையும் சேர்ந்த கலவைக்கு, வெளியிலிருந்து கொடுத்த திரவியத்தோடு சேர்ந்த கலவையைவிடக் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. திரவியங்களைத் தனியாக முகர்ந்தபோது அப்படிப்பட்ட வேறுபாடு இல்லை. தனக்கு எது ஒட்டும் என்று மனிதர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கிறது. பரிசாக வந்த அத்தர் அலமாரியிலேயே கிடப்பதில் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை.

நாலு பேர் சேர்ந்து சோதிப்பது எப்படி

தோலையும் மூக்கையும் பிரித்தறிய இந்த வழி போதும். ஒரே குப்பி, குலுக்கி வைத்தது. சோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்பு எல்லோரும் வாசனையில்லாத சோப்பால் முழங்கைவரை கழுவி, துடைத்து, எதுவும் பூசாமல் இருக்க வேண்டும். இடம் முழங்கையின் உள்மடிப்பு. மணிக்கட்டு வேண்டாம், அங்கே கைகழுவும் தண்ணீர், வாட்ச் பட்டை, பாத்திரம் தேய்த்த சோப்பு எல்லாம் படும். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.03 கிராம். டிராப்பரால் ஒரு சொட்டு விட்டு, கண்ணாடிக் குச்சியால் பத்துப் பைசா நாணய அளவுக்குப் பரப்ப வேண்டும். மற்றக் கை வெறுமையாக இருக்கட்டும், அவரவர் சொந்த வாடையை ஒப்பிட அது தேவை. கூடவே ஒரு சொட்டு டெஸ்டர் காகிதத்திலும்.

5 நிமிடம், 30 நிமிடம், 2 மணி நேரம், 5 மணி நேரம், மறுநாள் காலை என்று முகர வேண்டும். தன் கையைத் தான் முகர்வதோடு, மற்ற மூவர் கையையும் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து குறிக்க வேண்டும். நாலு விரல் தூரத்தில் ஒரு தடவை, ஒரு முழத் தூரத்தில் ஒரு தடவை. 'நல்லா இருக்கு' என்று எழுதினால் பயனில்லை. ஈரமண், வேர், பால், மரத்தூள், புகை, பச்சை இலை, உலர்பழம், கற்பூரம், மருந்து என்று சொற்களை முன்பே எழுதி வைத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் போடலாம்.

மதிப்பெண்ணைப் படிக்கும் விதம்: ஒரு கையைப்பற்றி எல்லா மூக்கும் ஒரே மாதிரி சொன்னால் அது தோலின் வேலை. எல்லாக் கைகளைப்பற்றியும் ஒரு மூக்கு மட்டும் தனித்துச் சொன்னால் அது மூக்கின் வேலை. 30 நிமிடத்தில் வேறுபட்டு 5 மணி நேரத்தில் ஒத்துப்போனால் வேகம்தான் வேறு, எண்ணெயில் மாற்றம் எதுவும் வேண்டாம். மறுநாள் காலையிலும் வேறுபட்டால்தான் கலவையைத் தொட வேண்டும். எல்லாக் கையிலும் மருந்து 3-க்கு மேல் வந்தால் மரிக்கொழுந்துக் கரைசலை 1.0-லிருந்து 0.6 கிராமாகக் குறைத்து, அந்த 0.4-ஐத் தாங்கு எண்ணெயில் கூட்டிக் கலக்கலாம். சளி பிடித்தவரையும், கொரோனாவுக்குப் பிறகு வாசனை திரிந்து தெரிபவரையும் முகரச் சொல்ல வேண்டாம். அவர்கள் கையை மட்டும் கடன் வாங்கலாம்.

மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்த்தால் 'மூலக்கூறு உடைந்துவிடும்' என்பார்கள். உடையாது. எண்ணெய் பரவிச் சூடேறி, லாவெண்டர் சீக்கிரம் போய்விடும், அவ்வளவுதான். சோதனையின்போது தேய்க்காமல் இருப்பது அளவு ஒன்றாக இருப்பதற்காக.

ஒவ்வாமைச் சோதனை இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்: முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து 24 முதல் 48 மணி நேரம் பார்ப்பது. சிவந்தாலோ அரித்தாலோ அவர் சோதனையில் வேண்டாம். முக்கியமாகப் பழைய லாவெண்டர் எண்ணெயைக் கலக்கக் கூடாது. காற்றுப்பட்ட லினலூல் ஆக்சிஜனேற்றமடைந்து தோலைச் சீண்டும் பொருளாக மாறும். மூலிகைத் தன்மையைக் கூட்டுகிறேன் என்று பெர்கமாட் என்ற எலுமிச்சையினப் பழத்தோல் எண்ணெயைச் சேர்ப்பவர்கள், அழுத்திப் பிழிந்த எண்ணெயாக இருந்தால் தோலில் தங்கும் பொருளுக்கு சர்வதேச வாசனைப்பொருள் சங்கம் (ஐ.எஃப்.ஆர்.ஏ.) வைத்த வரம்பான 0.4 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 10 கிராம் கலவைக்கு அது வெறும் 0.04 கிராம். தாண்டினால் வெயில் படும்போது தோல் கறுக்கும்.

பட்டில் படவிட வேண்டாம். வெட்டிவேரும் பச்சோலியும் நிறமுள்ள எண்ணெய்கள், வெளிர் பட்டில் விழுந்த கறை சாதாரணச் சலவையில் போகாது. கையில் பிடிக்காத வாசனை ஒட்டிக்கொண்டால் நேரே சோப்புப் போடாமல், முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துணியால் வழித்துவிட்டுப் பிறகு சோப்புப் போட்டால் பெரும்பகுதி போய்விடும்.